தலைப்பில்லாத கணக்கு

பொறியியல் பட்டம் பெற்ற ஒருவர் நான்கு ஆண்டுகளில் லாப்லாஸ் உருமாற்றம், ஃபூரியே தொடர், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் படித்துத் தேறியிருப்பார். அவரே அமெரிக்காவில் முதுநிலை படிக்க விரும்பி ஜிஆர்இ நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதிக்கு உட்காரும்போது கணினித் திரையில் வருவது விகிதம், சதவீதம், சராசரி, பகா எண், வட்டத்தின் பரப்பு, நிகழ்தகவு. நுண்கணிதம் அறவே கிடையாது, முக்கோணவியலும் கிடையாது. எல்லாமே பள்ளிக்கூடத்தில் போட்டுப் பழகிய கணக்கு. திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் தந்துவிடுகிறார்கள். அப்படியும் நன்றாகப் படித்தவர்கள் பலர் இந்தப் பகுதியில் தடுமாறுகிறார்கள். கணக்கு மறந்துவிட்டது, நேரம் போதவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு, கைடு ஒன்றை எடுத்து வைத்து ஒவ்வொரு அதிகாரத்திலும் நூறு நூறு கணக்காகப் போடத் தொடங்குவதுதான் வழக்கம். அந்த உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தேர்வு எதைக் கேட்கிறதோ அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அது பழக்குகிறது என்பதே என் வாதம்.

கைடு புத்தகத்தில் ‘காலமும் வேலையும்’ என்று ஒரு அதிகாரம் இருக்கும். முதல் பக்கத்தில் சூத்திரம், அடுத்து மூன்று தீர்த்துக் காட்டிய கணக்குகள், அதன்பின் நாற்பது பயிற்சிக் கணக்குகள். நாற்பதுக்கும் ஒரே சூத்திரம். ஐந்தாவது கணக்கு வருவதற்குள் கை தானாக ஓடத் தொடங்கிவிடும். வினாவை முழுக்கப் படிக்கக்கூடத் தேவையிருக்காது, எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதும். இது எந்த வகைக் கணக்கு, எந்த வழி இதற்குப் பொருந்தும் என்ற கேள்விக்குப் பக்கத்தின் உச்சியில் அச்சடித்த தலைப்பே விடை சொல்லிவிட்டது. தேர்வுக்கூடத்தில் அந்தத் தலைப்பு இராது. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட வடிவில் ஜிஆர்இ கணக்குப் பகுதிக்கு 47 நிமிடத்தில் 27 வினாக்கள்; ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட முழுதாக இல்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் 45 நிமிடத்தில் 21 வினாக்கள், கணக்குப் பகுதிக்குக் கால்குலேட்டரும் கிடையாது. இரண்டிலும் சதவீதத்துக்குப் பின் பகா எண், அதற்குப் பின் சராசரி என்று எது வேண்டுமானாலும் எதை அடுத்தும் வரும். ஒவ்வொரு வினாவும் தான் யார் என்று சொல்லாமலே வந்து நிற்கிறது.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஜிமேட்டில் தரவுப் போதுமை என்று நெடுங்காலமாக ஒரு வினா வகை உண்டு. இப்போது அது தரவு தொடர்பான தனிப் பகுதிக்கு மாறியிருக்கிறது. அதில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தருவார்கள். முதல் கூற்று மட்டுமே போதுமா, இரண்டாவது மட்டுமே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, தனித்தனியே ஒவ்வொன்றும் போதுமா, இரண்டும் சேர்ந்தும் போதாதா என்று மட்டும் சொன்னால் போதும். இந்த முறையில் இப்படி ஒரு வினா அமைக்கலாம். ஒரு மாணவி 23 ரூபாய் விலையுள்ள நோட்டுகளும் 21 ரூபாய் விலையுள்ள பேனாக்களும் வாங்கினாள். எத்தனை பேனா வாங்கினாள்? கூற்று ஒன்று: மொத்தம் 130 ரூபாய் கொடுத்தாள். கூற்று இரண்டு: மொத்தம் 6 பொருள்கள் வாங்கினாள். பத்தாம் வகுப்பில் ஒருங்கமைச் சமன்பாடு போட்டுப் பழகிய எவருக்கும் கை துறுதுறுக்கும். தெரியாதவை இரண்டு, ஆகவே சமன்பாடு இரண்டு வேண்டும், ஆகவே இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் போதும் என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள்.

அந்த விடை தவறு. கடையில் யாரும் அரை நோட்டு வாங்குவதில்லை, முக்கால் பேனா வாங்குவதில்லை. நோட்டு, பேனா இரண்டும் முழு எண்களாகத்தான் இருந்தாக வேண்டும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு 130 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நோட்டு என்றால் மீதி 107. அது 21-ஆல் வகுபடாது. இரண்டு நோட்டு என்றால் மீதி 84. சரியாக நான்கு பேனா. மூன்று நோட்டு என்றால் 61, நான்கு என்றால் 38, ஐந்து என்றால் 15, எதுவும் வகுபடவில்லை. நோட்டே வாங்கவில்லை என்று வைத்தாலும் 130 வகுபடாது. ஆக, வழி ஒன்றே ஒன்றுதான். முதல் கூற்று தனியாகவே போதும். இரண்டாவது கூற்று தூண்டிலில் மாட்டிய புழு. இதில் வந்த கழித்தலையும் வகுத்தலையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ‘நோட்டு’, ‘பேனா’ என்ற இரண்டு சாதாரணச் சொற்களுக்குள் முழு எண் என்ற நிபந்தனை ஒளிந்திருப்பதைக் கண்டதுதான் கணக்கு. ‘ஒருங்கமைச் சமன்பாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் நூறு கணக்குப் போட்டவருக்கு இந்தக் கண் திறப்பதில்லை. இன்னும் சொன்னால், அந்த நூறு கணக்குகளே அதை மூடிவிடுகின்றன.

ஜிஆர்இயில் வரும் ஒப்பீட்டு வினாக்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். இரண்டு அளவுகளைத் தந்து எது பெரிது, அல்லது சமமா, அல்லது தீர்மானிக்க முடியாதா என்று கேட்பார்கள். ஓர் அளவு 2 முதல் 100 வரை உள்ள இரட்டைப்படை எண்களின் கூட்டுத்தொகை, மற்றது 1 முதல் 99 வரை உள்ள ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொடர் சூத்திரத்தைப் போட்டால் 2550, 2500 என்று வரும், விடை சரிதான். ஆனால் 2-ஐ 1-உடனும் 4-ஐ 3-உடனும் ஜோடி சேர்த்துப் பார்த்தவருக்கு ஒவ்வோர் இரட்டை எண்ணும் தன் ஜோடியைவிட ஒன்று கூடுதல் என்பது தெரிந்துவிடும். ஒரு கூட்டலும் போடாமல் எழுந்துவிடலாம். சூத்திரக்காரர் செலவழித்த நாற்பது விநாடி அவருக்கு மிச்சம்.

பார்வையில் இருக்கும் இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1981-இல் மிஷலின் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. இயற்பியல் கணக்குகள் சிலவற்றை அட்டைகளில் எழுதி, முனைவர் பட்ட மாணவர்களிடமும் அப்போதுதான் முதல் இயற்பியல் பாடம் முடித்த இளநிலை மாணவர்களிடமும் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். கணக்கைப் போடச் சொல்லவே இல்லை. இளையவர்கள் சாய்தளம் வந்த கணக்குகளை ஒரு குவியலாகவும், சுருள்வில் வந்தவற்றை இன்னொரு குவியலாகவும் வைத்தார்கள். தேர்ந்தவர்களோ ஆற்றல் அழிவின்மையால் தீர்பவை ஒரு பக்கம், நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்பவை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். சாய்தளக் கணக்கும் சுருள்வில் கணக்கும் ஒரே குவியலில் கிடந்தன. கணக்கின் உடுப்பைப் பார்ப்பவர், எலும்பைப் பார்ப்பவர் என்று இருவகை. நுழைவுத் தேர்வுக்கு வினா எழுதுபவரின் தொழிலே ஒரே எலும்புக்கு ஐம்பது உடுப்பு தைப்பது. இரண்டு குழாய் தொட்டியை நிரப்புவதும், இரண்டு பேர் சுவர் கட்டுவதும், எதிரெதிரே இரண்டு ரயில் வருவதும் அடியில் ஒரே கணக்கு.

ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் போடுவதால் லாபம் குறைவு என்பதோடு விஷயம் நிற்பதில்லை. அது நேரடியாகக் கெடுதலும் செய்யக்கூடும். ஆபிரகாம் லூக்கின்ஸ் 1942-இல் வெளியிட்ட ஜாடிக் கணக்குகள் இதைக் காட்டிய விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. மூன்று ஜாடிகள். முதலாவது 21 அளவு தண்ணீர் கொள்ளும், இரண்டாவது 127, மூன்றாவது 3. இவற்றைக் கொண்டு சரியாக 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். நடு ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடிக்கு ஒரு முறையும் மூன்றாம் ஜாடிக்கு இரு முறையும் ஊற்றிவிட்டால் 127-இல் 21-உம் ஆறும் போய் 100 நிற்கும். இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, நடுவே ஒன்றை நுழைத்தார்: ஜாடிகள் 23, 49, 3, வேண்டியது 20. பழைய வழியிலும் இது வரும். 49-இல் 23-உம் ஆறும் கழித்தால் 20. ஆனால் 23-இல் 3 போனாலும் 20 தானே! பயிற்சி பெறாமல் நேரே இந்தக் கணக்குக்கு வந்தவர்கள் குறுக்கு வழியைச் சட்டென்று கண்டார்கள்; பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் மூன்று ஜாடிகளையும் தூக்கிச் சுமந்தார்கள். அடுத்து வந்தது இன்னும் கொடுமை: ஜாடிகள் 28, 76, 3; வேண்டியது 25. இங்கே பழைய வழி வேலை செய்யாது, 42 தான் மிஞ்சும். 28-இல் 3 கழித்தால் தீர்ந்தது. பயிற்சி பெற்றவர்கள் பலர் இதைத் தீர்க்க முடியாமல் விட்டுவிட்டார்கள். மூளைக்குள் வெட்டிய வாய்க்கால் ஆழமாகிவிட்டால் தண்ணீர் வேறு பக்கம் திரும்ப மறுக்கிறது.

அப்படியானால் எப்படிப் பழகுவது? வகைகளைக் கலந்து போடுவதுதான் மாற்று. இதற்கான சான்றுகளில் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகை அபூர்வமான கன உருவங்களின் கொள்ளளவைக் கணக்கிடக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒவ்வோர் உருவமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றக் குழு நான்கையும் கலந்து போட்டது. பயிற்சி நேரத்தில் வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். அன்றைக்கே முடிவு கட்டியிருந்தால் கலப்புப் பயிற்சி தோற்றுப்போனது என்று எழுதியிருப்பார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவாரியாகப் பழகியவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். கலந்து பழகியவர்கள் 63. இதே இருவர் 2010-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் தவறுகளைப் பிரித்துப் பார்த்தபோது காரணமும் தெளிவாயிற்று. ஒன்றுக்குரிய சூத்திரத்தை இன்னொன்றுக்குப் போடும் தவறுதான் கலப்புப் பயிற்சியில் குறைந்திருந்தது. பிறகு ரோரர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஃபுளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புப் பிரிவுகளில் பல மாதம் இதைச் சோதித்து, ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாத தேர்வு வைத்தார்கள்: கலந்து போட்ட பிள்ளைகள் 61 சதவீதம், வகைவாரியாகப் போட்டவர்கள் 38.

இவ்வளவு தெளிவான வேறுபாடு இருந்தும் பழைய வழக்கம் ஏன் போகவில்லை என்றால், அது போடுபவருக்குச் சுகமாக இருக்கிறது. பயிற்சி நேரத்தின் அந்த 89 சதவீதம்தான் மயக்கம். அன்று மாலை நாற்பதுக்கு முப்பத்தாறு சரி என்று எழுதி வைக்கும்போது வரும் நிறைவு, கலந்து போட்டு இருபத்துநான்கு சரி என்று எழுதும்போது வருவதில்லை. நேட் கோர்னெல், ராபர்ட் பியார்க் இருவரும் 2008-இல் 12 ஓவியர்களின் படங்களைக் காட்டி, புதிய படத்தைப் பார்த்து வரைந்தவரைச் சொல்லும் திறனைச் சோதித்தார்கள். ஓவியர் வாரியாக அடுக்கிப் பார்த்ததைவிடக் கலந்து பார்த்தபோதே பங்கேற்றவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். ஆனால் எது உதவியது என்று கேட்டபோது பெரும்பாலோர் கலந்து பார்த்தது மேல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் மதிப்பெண்ணே எதிர்ச்சாட்சி சொன்னபோதும் அப்படி. கற்பதில் எளிமையாகத் தோன்றுவதும் நிலைத்து நிற்பதும் வேறு வேறு என்பதை நம் உள்ளுணர்வு அறிவதில்லை. தேர்வுக்குப் படிப்பவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தன் முன்னேற்றத்தை அளக்க அவர் கையில் இருக்கும் அளவுகோலே பிழையானது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சூத்திரமே தெரியாதவரிடம் எல்லாவற்றையும் கலக்கிக் கொட்டினால் அவர் எதைக் கற்பார்? சரியான கேள்வி. தொடக்க நிலையில் இருப்பவர் தீர்த்துக் காட்டிய கணக்குகளை ஊன்றிப் படிப்பது, தானே முட்டி மோதுவதைவிடப் பயன் தரும் என்று ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-இலேயே இயற்கணிதத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒரே சமயத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் எல்லை உண்டு. புதியவருக்கு அந்தச் சுமை முழுதும் வழி தேடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. வாய்ப்பாடும் வர்க்கங்களும் எட்டில் மூன்று என்றால் 37.5 சதவீதம் என்பதும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். கூட்டல் பெருக்கலுக்குச் செலவாகாத கவனம் வினாவைப் படிக்க மிஞ்சும். எனவே அதிகாரம் அதிகாரமாகப் படிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு சூத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று புரிய நாலைந்து கணக்கு போதும். ஆறாவதிலிருந்து நாற்பதாவது வரை போடும் நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

வேகம்தான் முக்கியம், அதற்குக் குறுக்கு வழிகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. பயிற்சி மையங்களின் விளம்பரம் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கிறது. குறுக்கு வழிகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60 என்றால் சராசரி வேகம் 50 இல்லை, 48. இரண்டு வேகங்களின் பெருக்கற்பலனை இரட்டித்து அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் உடனே வந்துவிடும். இனி வினாவில் ஒரு சொல்லை மாற்றுங்கள்: முதல் ஒரு மணி நேரம் 40 வேகத்திலும் அடுத்த ஒரு மணி நேரம் 60 வேகத்திலும் போனார். இப்போது சராசரி 50 தான். தூரம் சமமா, நேரம் சமமா என்று பார்க்காமல் குறுக்கு வழியில் பாய்ந்தவர் மிக வேகமாகத் தவறான விடைக்குப் போய்ச் சேர்வார், அந்த 48-உம் விடைப் பட்டியலில் தயாராகக் காத்திருக்கும். குறுக்கு வழியும் ஒரு கருவிதான். எங்கே அது பொருந்தும் என்று அறியும் வேலை அப்படியே மிச்சம் இருக்கிறது. கருவிகள் கூடக்கூட அந்த வேலையும் கூடுகிறது.

நான் எடுத்துக்காட்டிய ஆய்வுகள் ஜிஆர்இக்கோ ஜிமேட்டுக்கோ படிப்பவர்களை வைத்து நடந்தவை இல்லை. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும்தான் அவற்றில் கலந்துகொண்டார்கள். இருபத்துமூன்று வயதுப் பட்டதாரிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். என் கணிப்பில் அவருக்குத்தான் இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சூத்திரமும் புதிது, கணக்கும் புதிது. பட்டதாரிக்குச் சூத்திரங்கள் எல்லாம் ஏற்கெனவே தெரியும். கொஞ்சம் தூசி தட்ட வேண்டும், அவ்வளவே. அவரிடம் இல்லாதது, முகவரி எழுதாத கணக்கைப் பார்த்து அது எந்த வீட்டுக்குரியது என்று அறியும் திறன் ஒன்றுதான். அதை அதிகாரத் தலைப்பின் நிழலில் பழக முடியாது.

இதற்குப் புதிய புத்தகம் வாங்கத் தேவையில்லை. கையில் இருக்கும் கைடிலேயே 12-ஆம் பக்கத்தில் ஒன்று, 140-இல் ஒன்று, 67-இல் ஒன்று என்று இருபது கணக்குகளைப் பக்க எண் இல்லாமல் ஒரு தாளில் எழுதி வைத்து, மூன்று நாள் கழித்து எடுத்துப் போடலாம். ஒவ்வொரு கணக்கையும் போடத் தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை ஒரு வரியில் எழுத வேண்டும்: என்ன கேட்கிறார்கள், எந்த வழி இதற்கு. சில நாள் கணக்கைப் போடாமலே இந்த ஒரு வரியை மட்டும் இருபதுக்கும் எழுதலாம். பத்து நிமிடத்தில் முடியும், ஒரு மணி நேரக் கணக்குப் பயிற்சியைவிட அது களைப்பூட்டும். தவறிய கணக்குகளைக் குறிக்கும்போது ‘கவனக்குறைவு’ என்று எழுதி ஒதுக்கிவிடாமல், கூட்டலில் பிழையா, வழி தெரியவில்லையா, தெரிந்த வழியைத் தவறான இடத்தில் போட்டதா என்று பிரித்து எழுத வேண்டும். மூன்றாவது வகைத் தவறுகளைத் தனித் தாளில் சேர்த்து வைத்து, அவற்றையும் கலைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். அதற்குள் விடை மறந்திருக்கும். நோட்டும் பேனாவும் முழு எண் என்பது நினைவுக்கு வருகிறதா என்று அப்போது தெரியும்.